ரூத் மிஸ்ஸும் இரண்டு விதான சௌதாவும்

ரூத் மிஸ் போய்விட்டார்.

காலையில் ஜெயா டீச்சர் போன். "அண்ணா, உக்காந்துனு இருக்கியா? நம்ம ரூத் மிஸ்... தூக்கத்துலயே போயிட்டாங்களாம். அயர்லாந்துலேர்ந்து அவங்க தங்கச்சி மெயில் போட்டிருக்காங்க."

டீ ஆறிப்போச்சு. அப்படியே வைத்துவிட்டேன்.

இந்த குரூப்பில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு ரூத் மிஸ்ஸைத் தெரியாது. தொண்ணூறுகளில் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கு வந்த வெள்ளைக்கார டீச்சர். படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு சென்டர் நடத்த வந்தவர். ஜெயா டீச்சர் அவருக்கு அசிஸ்டென்ட். ஆட்டோ, டிரைவர், பி.ஏ., தமிழ் வாத்தியார் எல்லாம் அடியேன் மணிதான்.

எங்கள் ஸ்டாண்டிலேயே இங்கிலீஷ் பேசும் ஒரே ஆட்டோ என்னுடையது. எட்டாவதுதான் படித்தேன். ஆனால் அந்தக் காலத்து எட்டாவது, இப்போதைய எம்.ஏ.

மிஸ் பேசிய தமிழ் முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது. ஒரு தடவை பத்து நாளாக காஸ் சிலிண்டர் வரவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் முட்டை வேகவைத்தே காலம் தள்ளினார். பதினோராம் நாள் ஏஜென்சிக்கே போய் கவுன்டரில் கையை ஊன்றி நின்றார்.

"இன்னாபா, நாளிக்கு நாளிக்குன்னு எத்தினி நாளு? மனுசி பட்டினி கெடக்கணுமா?"

கவுன்டர்காரர் எழுந்தே நின்றுவிட்டார். சாயங்காலம் சிலிண்டர் மாடி ஏறியது. கொண்டுவந்த ஆள் என் காதில் கேட்டான். "யாரு குரு இவுங்க? நம்ம ஏரியாவா?"

"என் ஸ்டூடென்ட்" என்றேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அட்மிஷன் நாள் கதை.

சென்டருக்குப் பணம் கொடுக்கும் ஆபீசர் மெட்ராஸிலிருந்து ரயிலில் வருகிறார். மத்தியானமே ஃப்ளைட் பிடிக்கிறார். வந்து பார்க்கும்போது பிள்ளைகள் இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் சென்டர் வேறு ஊருக்கு, மிஸ் அயர்லாந்துக்கு.

மிஸ் நோட்டீஸ் எழுதி என்னிடம் காட்டினார். "திங்கள் காலைல எட்டு மணி. ஓகேவா மணி?"

"டபுள் ஓகே மிஸ். நான் கூப்ட்டா ஸ்ரீராம்புரமே வரும்."

காலண்டரைப் பார்த்திருக்க வேண்டியது நான். பார்க்கவில்லை. அன்று ஸ்டாண்டில் கேரம் மேட்ச்... ஃபைனல் வேறு.

வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தேன். இருநூறு வீடு இருக்கும். எல்லோரும் "செரிண்ணா, வந்துடறோம்ணா" என்றார்கள். மூஞ்சிக்கு நேராக முடியாது என்று எங்கள் ஏரியாவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

திங்கட்கிழமை ஏழே முக்கால். பாய் விரித்து, சாக்லேட் டப்பாவோடு ஜெயா டீச்சர். ஒரு பிள்ளை இல்லை. மிஸ் அந்தக் காலிப் பாய்களைப் பார்த்தபடி நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

சந்துக்குள் ஓடினேன். முதல் வீட்டு வாசலில் செல்வி, மகளுக்குத் தலை வாரி, பூ வைத்து, ரெடியாக உட்காரவைத்திருக்கிறாள்.

"இன்னாமா, வரலியா?"

"ஒம்போது அடிக்கட்டும்ணா. புள்ளைய மொத மொத சேக்கறது, ராவு காலத்துல எவனாச்சும் கூட்டினு போவானா? திங்கக்கெழம ஏழரைலேர்ந்து ஒம்போதுன்னு உனுக்குத் தெரியாது? பெருசா நோட்டீஸ் குடுக்க வந்துட்ட!"

மிஸ்ஸிடம் வந்து சொன்னேன்.

"நேத்து ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க கேக்கலியே மிஸ்."

வாட்சைப் பார்த்தார். ஆபீசர் ஸ்டேஷனில் இறங்கியிருப்பார். சிட்டி ஸ்டேஷனிலிருந்து எங்கள் சென்டர் பத்தே நிமிஷம்.

"மணி... பத்து நிமிஷ ரோட்ட ஒரு மணி நேரம் ஓட்ட முடியுமா?"

ஒரு ஆட்டோக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது!

மிஸ்ஸோடு போய் ஆபீசரை ஏற்றினேன். சட்டசபைக் கட்டடம் விதான சௌதா காட்டினேன். கப்பன் பார்க்கில் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் சொன்னேன். தெரியாத மரத்துக்கு நானே வைத்தேன். பின்னாலிருந்து மிஸ் தமிழில் நேரம் சொல்லிக்கொண்டே வருகிறார். "இன்னும் இருவத்தஞ்சு நிமிஷம் கீது மணி, வேற எதுனா காட்டு."

மறுபடி விதான சௌதா. ஆபீசர் எட்டிப் பார்த்தார். இதை ஏற்கெனவே பார்த்தோமே என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நோ சார். தட் ஒன் டிஃபரென்ட். பெங்களூர் டூ ஹேவ்."

மிஸ் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு இருமினார். கண்ணாடியில் பார்க்கிறேன், கண்ணில் தண்ணீர்.

ஒன்பது அடித்து மூன்று நிமிஷம். சென்டர் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. நூற்றைம்பது பிள்ளைகள். (நாற்பத்திரண்டுதான் என்று ஜெயா டீச்சர் கமென்ட்டில் வருவார். வரட்டும்.) ஆபீசர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். செல்வி மகள் அவர் வாயில் சாக்லேட் ஊட்டினாள்.

மிஸ் என்னைத் திட்டவில்லை. மறுநாள் தினசரி காலண்டர் ஒன்று வாங்கி சென்டர் சுவரில் தானே ஆணி அடித்து மாட்டினார். அப்புறம் ஆறு வருஷம் அதைப் பார்க்காமல் ஒரு மீட்டிங் வைத்ததில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் வருஷா வருஷம் நான்தான் காலண்டர் அனுப்பினேன். அயர்லாந்து சமையல்கட்டில் அது தொங்கும் போட்டோ என்னிடம் இருக்கிறது. தேடிப் போடுகிறேன்.

போனை வைக்கும் முன் ஜெயா டீச்சர் சொன்னார். "வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு அடக்கம்ணா."

இந்தத் தடவை காலண்டரைப் பார்த்தேன். வெள்ளி, ராவு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

"தங்கச்சிக்கு மெயில் போடட்டுமாண்ணா?"

"வேணாம்மா. அவங்களுக்கு இன்னா புரியப்போவுது."

அங்கே மிஸ்ஸை ஏற்றி வண்டி ஓட்டப்போகிற தம்பி யாரோ, பெயர் தெரியாது...

தம்பி, கொஞ்சம் சுத்திப் போப்பா. பின்னால் இருக்கிறவங்க ஒன்றும் சொல்ல மாட்டாங்க.

போய் வாங்க மிஸ்.