ஒரே மரகதம், அஞ்சு ரெக்கார்டு நோட்டு

எனக்கு வயசு எழுபத்தொண்ணு. பெத்தது மூணு, தங்கச்சி பிள்ளைங்க ரெண்டையும் சேத்து வளத்தது அஞ்சு. திருச்சியில ஒரு பெண்கள் காலேஜ்ல, சைக்காலஜி டிபார்ட்மென்ட்ல, இருபத்தாறு வருஷம் ஆயாவா இருந்தேன். ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறி ஒருநாளும் லேட்டாப் போனதில்ல.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா பெருக்கும்போது பாடம் பூரா காதுல விழும். ஒரு மேடம், மனுஷன் குணம் சின்ன வயசுலயே முடிவாயிடும்பாங்க. அடுத்த ரூம் மேடம், குணம் மொத்தமே அஞ்சு, ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும்பாங்க. மூணாவது மேடம், இடத்துக்குத் தகுந்தாப்ல மாறும்பாங்க. மத்தியானம் மூணு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவாங்க.

ப்ராக்டிகலுக்கு ஒவ்வொரு பொண்ணும் ஒரு ஆளை உக்கார வச்சு கேள்வித்தாளை வாசிக்கணும். அந்த ஆள் ஆமா, இல்லன்னு சொல்றதை வச்சு, குணம் இன்னதுன்னு ரெக்கார்டு நோட்டுல எழுதணும். அந்த ஆளுக்குப் பேரு சப்ஜெக்ட். வெயில்ல ஆள் தேடி அலையாம என்னைக் கூப்பிடுவாங்க. நான் உக்காந்ததும், "உனக்கு எது வேணும் பாப்பா?"ம்பேன்.

"கலகலப்பானவங்கன்னா எழுத ஈசி ஆயாம்மா."

கலகலப்பாச் சொல்லுவேன். அடுத்தவளுக்கு யாரோடயும் ஒட்டாதவ வேணும்பா. அப்படியே சொல்லுவேன். இன்னொருத்திக்கு எதுக்கெடுத்தாலும் பயப்படுறவ. உதவின்னுதான் நினைச்சேன்.

ரிட்டயர் ஆகுறதுக்கு முந்தின வருஷம், பரீட்சைக்கு வெளியூர்லேருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் நோட்டுகளை வரிசையா விரிச்சு வச்சார். அஞ்சு நோட்டுல ஒரே பேரு, ஒரே வயசு. குணம் மட்டும் அஞ்சு தினுசு.

"யாரு இந்த மரகதம்?"

"நான்தாங்க சார்." கையில டீ தட்டு.

"இதுல நீங்க எதும்மா?"

"புள்ளைங்க கேட்டபடி சொன்னேன் சார்."

அந்த அஞ்சு பேருல ஒருத்தி, மலைக்கோட்டை வளையல் கடைக்காரர் பொண்ணு நசீமா, அழுதேபுட்டா. மேல படிக்க சீட் வாங்கி வச்சிருந்தா. இதுல போனா அதுவும் போச்சு.

"என் முன்னாடி ஒருத்தி வாசிக்கட்டும், அஞ்சு பேரும் எழுதட்டும்"னார் சார். "இந்தத் தடவையும் பூசி மெழுகினா அஞ்சு பேரும் ஃபெயில்."

நசீமா வாசிச்சா. மூணு மேடமும் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. அந்தத் தாள்ல, தன்னை ரொம்ப நல்லவளாக் காட்டிக்கிறவளைப் பிடிக்கவே சில கேள்வி உண்டு. அதுல மாட்டினா மொத்தமும் செல்லாது. எனக்கும் தெரியும்.

"நீங்க எப்பவாவது பொய் சொல்லியிருக்கீங்களா?"

அந்த டிபார்ட்மென்ட்ல சாக்பீஸ் டப்பா காணாமப் போனாலும், மரகதம் சொன்னா சரியா இருக்கும்பாங்க. 'இல்ல'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. நசீமா பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாக்குறா.

"ஆமா."

"ஆமாவா ஆயாம்மா?"

"ஆமான்னா ஆமா. எழுதுடி."

சார் சிரிக்கல. கையெழுத்துப் போட்டார். அஞ்சு பேரும் பாஸ். நசீமா இப்ப கே.கே. நகர்ல கவுன்சலிங் பாக்குறா. அன்னிக்கே அவகிட்ட, "என் குணம் என்னன்னு வந்துச்சு?"ன்னு கேட்டேன். "எல்லாமே ஆவரேஜ் ஆயாம்மா"ன்னா. இருபத்தாறு வருஷத்துக்கு ஆவரேஜ்.

புதுசா வர்ற ஆயாக்களுக்குச் சொல்றேன். சப்ஜெக்டா உக்காந்தா எதிர்ல இருக்குற புள்ளை மூஞ்சியப் பாக்காதீங்க. கேள்வியை மட்டும் கேட்டுப் பதில் சொல்லுங்க.

தேன்மொழி, எழுதினது போதும். மொதல்லேருந்து வாசிச்சுக் காட்டு. பாட்டி பேரு நல்லா இருக்கணும்னு எங்கயாவது மாத்தி எழுதியிருந்தா அடிச்சிடு. அந்த லேட்டாப் போனதில்லங்கிறதையும் சேத்து.