மாதிரிக்குப் போட்ட கதை

மெஹர் பானு அக்காவைக் கதைத் திருடி என்று சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும், அதை நானே அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரைக் கடையை விட்டே துரத்தியிருப்பேன். ஆனால் வந்தது. வாசித்தும் காட்டினேன்.

‘தாங்கள் அனுப்பி இரண்டாம் பரிசுக்குத் தேர்வான "என்னா ஆனம்?" என்ற சிறுகதை, சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் உலவும் ஒரு கதையின் சொற்களை மாற்றி எழுதப்பட்டது எனத் தெரியவந்துள்ளது. எனவே பரிசு ரத்து செய்யப்படுகிறது. தொகுப்பு நூலில் தங்கள் கதை இடம்பெறாது. மூன்றாண்டுகளுக்கு எங்கள் மன்றத்தின் போட்டிகளில் தாங்கள் பங்கேற்க இயலாது.’

அக்கா என் ஜெராக்ஸ் மெஷின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ‘சொற்களை மாற்றி’ என்ற இடம் வந்ததும் போதும் என்று கையைக் காட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நான் வேற யாருக்கும் காட்டலயே தம்பி. ஒங்க கையிலதானே குடுத்தேன்."

என்மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள் என்று அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் தெட்சிணாமூர்த்தி. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை, வீடு தலத்தெருவில். கடையை விட எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ‘போட்டிப் பெட்டி’ என்ற வாட்ஸ்அப் குழு. எண்ணூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். திங்கள்தோறும் எந்தெந்த மன்றம், எந்தெந்தப் பத்திரிகை கதைப் போட்டி, கவிதைப் போட்டி வைக்கிறது, கடைசித் தேதி எது, எத்தனை பக்கம் என்று பட்டியல் போடுவேன். நுழைவுக் கட்டணம் கேட்கிற போட்டியென்றால் பக்கத்தில் ‘ஓடுங்கள்’ என்று எழுதுவேன். யூனிகோடில் அடிப்பது எப்படி, போனிடம் பேசியே கதையை எழுத வைப்பது எப்படி, இணையத்தில் அகராதி எங்கே கிடைக்கும், எல்லாம் சொல்லித் தருவேன். நான் மட்டும் இதுவரை ஒரு கதை எழுதியதில்லை. ‘ஊருக்குத்தான் உபதேசம்’ என்பாள் என் மனைவி நீலாயதாட்சி. உண்மைதான், மறுக்க முடியாது.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. தருமபுரத்தில் தனியாக இருக்கிறார். ஒரு டாக்டரின் கிளினிக்கில் வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் போடுகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பேர் என்ன, வயது என்ன, என்ன செய்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதுவார். ஒரே மகன் ஷகீல், ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

எழுத ஆரம்பித்தது அப்போதுதான். கணவர் இறந்த பிறகு நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருந்தார். வீட்டில் எழுதத் தாள் கிடையாது. சுவரில் நகைக்கடை தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது. தினம் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினாராம். இத்தா முடிந்தது, பழக்கம் விடவில்லை. ஒரு கதை என்பது அவருக்கு இன்றைக்கும் இருபது இருபத்தைந்து காலண்டர் தாள், மூலையில் ஒரு ஊக்கு. முதல் தடவை அந்தக் கட்டை என் மேசையில் வைத்தபோது ஏதோ பழைய ரசீது என்று நினைத்துவிட்டேன்.

போட்டி விதியில் இத்தனை சொல்லுக்குள் என்று இருந்தால் புளியங்கொட்டை வைத்து எண்ணுவார், நூறு சொல்லுக்கு ஒரு கொட்டை. கம்ப்யூட்டர் ஒரு நொடியில் எண்ணிவிடும் என்று நான் கேலி செய்வேன். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் அவர் கணக்கும் அதுவும் ஒன்றாகவே இருக்கும். இருபத்தேழு போட்டிக்கு அனுப்பினோம். இருபத்தாறில் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் முடிவு வந்துவிட்டதா என்று கேட்பார், இல்லை என்றால் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்து வைப்பார்.

பரிசுத்தொகைக்கு ஆசைப்பட்டவர் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவருடைய பேர் ஒரு தடவை அச்சில் வர வேண்டும். கல்யாணப் பத்திரிகையில்கூட வரவில்லையாம், மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்தில் ‘தீன்குலச் செல்வி’ என்று மட்டும் போட்டுவிட்டார்களாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இருபத்தேழாவதுதான் ‘என்னா ஆனம்?’. அவர்கள் வீட்டில் குழம்புக்கு ஆனம் என்று பேர். கதையில் ஒரு உம்மா. வெளிநாட்டில் இருக்கும் மகன் தினமும் போனில் இன்றைக்கு என்ன ஆனம் என்று கேட்கிறான். கொடுவா மீன் ஆனம், முருங்கைக்காய் போட்ட கறி ஆனம் என்று உம்மா புளி கரைத்ததிலிருந்து சொல்கிறாள். மகனும் தன் அறையில் பிரியாணி ஆக்கியதைச் சொல்கிறான். போனை வைத்த பிறகு உம்மா நேற்றைய கஞ்சிக்கு ஊறுகாயை எடுக்கிறாள். மகன் காய்ந்த குப்பூஸ் ரொட்டியைத் தயிரில் தோய்க்கிறான். இரண்டு பேரும் மற்றவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்காக இப்படியே போகிறது. டைப் அடிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு எழுத்துப் பிழை திருத்தி மூடிவிட்டேன்.

மார்ச்சில் இரண்டாம் பரிசு என்று போனில் சேதி வந்தது. மன்றத்தின் பேர் வேண்டாம், இந்தப் பக்கத்து மன்றம்தான். பரிசுக் கதைகள் புத்தகமாக வரும் என்றார்கள். அக்கா யாரிடமும் சொல்லவில்லை, ஷகீலிடம்கூட. இரண்டே வாரத்தில் அந்த மின்னஞ்சல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாட்ஸ்அப் கதையைத் தேடிப் பிடித்தேன். தலைப்பு ‘படித்ததில் பிடித்தது’. எழுதியவர் பேர் இல்லை. கதை அதேதான், ஆனால் உம்மா அம்மாவாகியிருந்தாள், ஆனம் குழம்பாகியிருந்தது, ஷார்ஜா சிங்கப்பூராகியிருந்தது, கடைசியில் ‘பெற்றோரை மதிப்போம்’ என்று ஒரு வரியும் மூன்று கைகூப்பும். அக்கா கதையைத் திருடி அதற்கு வேறு சட்டை போட்டு ஊரில் விட்டிருக்கிறான் எவனோ, பழி அக்கா மேல் விழுந்திருக்கிறது. திருடனைக் கண்டுபிடித்து மன்றத்தின் முன்னால் நிறுத்தாமல் விடமாட்டேன் என்று குழுவில் பெரிதாக அறிவித்தேன். எண்ணூறு பேரும் கைதட்டினார்கள்.

எனக்கு இது வந்தது யாரிடமிருந்து, அவருக்கு வந்தது யாரிடமிருந்து என்று ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஐந்தாவது ஆளிலேயே வேர் வந்துவிட்டது. அம்பகரத்தூர் அன்பழகன். ஓய்வு பெற்ற ஆசிரியர், நம் குழுவில் இருப்பவர், கவிதைக்குக் கவிதை கைகூப்புப் போடுகிறவர். எடுத்த எடுப்பில் காய்ந்தேன். மனிதர் பதறிப்போனார். எல்லோருக்கும் புரியட்டும் என்று சொல்லைத் தான்தான் மாற்றியதாக ஒப்புக்கொண்டார். கதை எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே சார் நம்ம குரூப்ல போட்டீங்க. பேரும் இல்ல, யாரோடதும் இல்லன்னு நெனச்சேன்."

ஜனவரி பத்தொன்பதாம் தேதி வரை குழுவில் மேலே தள்ளிக்கொண்டே போனேன். இருந்தது. என் பேரில், என் கையால் போட்டது.

போட்டிகளில் ஒரு விதி உண்டு. படைப்புக்குள் எழுதியவர் பேர் இருக்கக் கூடாது, தனித்தாளில் இருக்க வேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் நம் ஆட்கள் பக்கத்துக்குப் பக்கம் பேர் போடுவார்கள், ஒருவர் போட்டோவே ஒட்டி அனுப்பினார். ஒரே வாரத்தில் நாலு பேருடையது தள்ளுபடியானதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் அப்போது திறந்திருந்தது அக்காவின் கதை, போட்டிக்காகப் பேரை எடுத்து வைத்திருந்த கோப்பு. அதை அப்படியே தூக்கிப் போட்டு, ‘மாதிரி: இப்படி அனுப்புங்கள், பெயர் இல்லாமல்’ என்று எழுதியிருக்கிறேன். போட்டதையே மறந்தும் போயிருக்கிறேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அந்த வேலி நான்தான்.

மறுநாள் காலை கிளினிக்குக்குப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். எனக்கு என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே அக்கா டோக்கனைக் கிழிக்கப் போனார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று குனிந்து மெல்லச் சொன்னேன், சொல்ல வந்ததையும் சொன்னேன். இடையில் இரண்டு பேர் வந்தார்கள். அக்கா அவர்களுடைய பேரையும் வயதையும் எழுதிக்கொண்டார். அவர்கள் போய் உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"பேர எடுக்கச் சொல்லி சட்டம் இருந்துச்சு, எடுத்தீங்க. திருப்பி வைக்க மறந்துட்டீங்க."

அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். மன்றத்துக்கும் குழுவுக்கும் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், கதை மெஹர் பானுவுடையது, தப்பு என்னுடையது என்று கொட்டை எழுத்தில் போடுகிறேன், காலண்டர் தாளையெல்லாம் படம் எடுத்துத் தேதியோடு அனுப்புகிறேன் என்று படபடவென்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவசரப்பட்டுப் போட வேண்டாம் என்றார். தன் போனை எடுத்து ஒரு செய்தியைக் காட்டினார்.

ஷகீல் பத்து நாளைக்கு முன் அவருக்கு அனுப்பியது. மேலே அதே கதை, அம்மாவும் குழம்பும் சிங்கப்பூருமாக. கீழே அவன் எழுதியிருந்தான்: ‘உம்மா இத படிங்க. ரூமுல எல்லாரும் அழுதுட்டோம். நல்லவேளை நீங்க இப்படி இல்ல.’

இரண்டு நாளில் எனக்கு இது மூன்றாவது அடி. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதை என்றால் கற்பனை என்றுதான் இருந்திருக்கிறேன். ஒற்றெழுத்தெல்லாம் திருத்தியவன், அக்கா, நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

தனி ஆளுக்காக அடுப்பு மூட்ட மனம் வரவில்லை, அவ்வளவுதான், மற்றபடி ஒரு குறையும் இல்லை என்றார். உம்மா மூன்று வேளையும் ஆக்கித் தின்கிறாள் என்ற நிம்மதியில்தான் அவன் அங்கே இருக்கிறான். கதைக்கு மேல் அவர் பேரைப் போட்டால் அந்த நிம்மதி போய்விடும். அதனால்தான் கதை ஊரில் உலவுவது தெரிந்தும் பத்து நாளாக என்னிடம்கூடச் சொல்லவில்லையாம். போடாவிட்டால் காலத்துக்கும் கதைத் திருடி. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளின் வயதைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளினிக் லீவு. கடைக்கு வந்தார். மன்றம் அனுப்பிய மின்னஞ்சலை எடுக்கச் சொன்னார், அதில் முதல் வரியைத் தொட்டுக் காட்டினார். ‘திருமதி மெஹர் பானு, தருமபுரம்.’

"ஒரு மன்றம் என் பேர முழுசா எழுதுனது இதுலதான் தம்பி. திருடின்னு சொல்றதுக்கு எழுதிருக்காங்க. இதோட விட முடியாது. போடுங்க."

போட்டேன். அவருடைய சொற்களோடு முழுக் கதை, மேலே அவர் பேர், அதற்கும் மேலே நான் செய்தது அத்தனையும். மன்றத்துக்கும் போனது. அடுத்த வாரம் அவர்கள் பதில் எழுதினார்கள். திருட்டு என்று சொன்னதற்கு வருந்துகிறார்களாம், தடையை நீக்குகிறார்களாம், ஆனால் சமூக ஊடகத்தில் ஏற்கெனவே வெளியான கதைக்குப் பரிசு தர விதியில் இடமில்லையாம். ஜனவரியில் குழுவுக்கு அந்த விதியைப் படித்துப் படித்துச் சொன்னவனே நான்தான். புத்தகம் அக்கா இல்லாமல் வரப்போகிறது. அந்த வெட்கம் என்னோடு இருக்கும்.

அது அடுத்த வாரம். அந்த வெள்ளிக்கிழமை நான் போட்டு முடித்ததும் அக்கா அதைத் தன் போனில் திறந்தார். ஷகீலுக்கு அவரே அனுப்பினார். யாரோ சொல்லித் தெரிய வேண்டாம் என்றார். இரண்டு நீலக் கோடு விழுந்தது, அவன் பார்த்துவிட்டான். ஒருவர் ஆதார் ஜெராக்ஸுக்கு வந்தார், எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரை அழுத்திவிட்டு மேசை மேல் வைத்தார்.

"உம்மா. மேல ஒங்க பேரு இருக்கு."

"ஆமா."

"இன்னைக்கு என்னா ஆனம்?"

அக்கா என் கடைச் சுவரைப் பார்த்தார். கொடுவா என்று சொல்லியிருக்கலாம். ஆறு வருஷமாகச் சொன்னதுதானே.

"ஆக்கல ஷகீலு. நேத்து கஞ்சி இருந்துச்சு."

அவன் அழுகிறான் என்று எனக்குக் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானும் பிரியாணின்னு பொய்தான் சொன்னேன் உம்மா" என்றான். "குப்பூஸும் தயிரும்தான்."

"தெரியும்" என்றார் அக்கா. "அதத்தானே எழுதிருக்கேன்."