சகலையின் ஸ்பிரிங்கும் மாமியாரின் உப்புத் தண்ணீரும்

என் சகலைக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் ஸ்பிரிங்கு. அவர் மனைவியும் என் மனைவியும் அக்கா தங்கை. அந்த ஒரு காரணத்துக்காக, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைச் சகித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல மனிதர்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனம் வராமல் போகலாம்.

நீச்சல் குளங்களைச் சுத்தமாக வைத்திருப்பது அவர் தொழில். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஓட்டல்களிலும் தண்ணீரில் குளோரின் கலப்பார், ஓடுகளில் படிந்த கறையை ஆசிட் போட்டுத் தேய்ப்பார். ஆனால் நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதும் கிடையாது. கேட்டால், "பல் டாக்டர் என்ன, வாய்க்குள்ளயா குடியிருக்காரு?" என்பார்.

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது பொறுக்காமல், சக்கரங்களுக்கு மேல் காரைத் தாங்க கம்பெனி போட்டுக் கொடுத்த நான்கு ஸ்பிரிங்குகளையும் கழற்றி வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, வெளியில் தனியாக விற்கும் குட்டையான சிவப்பு ஸ்பிரிங்குகளை வாங்கி மாட்டினார். கார் தரையோடு ஒட்டினாற்போல் இறங்கிவிட்டது. இனிமேல் திருப்பத்தில் சாயாமல் போகும் என்றார். போகுமோ என்னவோ, திருப்பம் வரை போனால்தானே தெரியும்! தெருவில் வேகத்தடை வரும் இடமெல்லாம் அடியில் இடிக்கும் என்று எல்லோரையும் இறக்கிவிடுவார். நடந்து அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும்.

இதில் அதிகம் நடந்தவர் எங்கள் மாமியார். அவர் சின்ன மகள் வீட்டில், அதாவது சகலை வீட்டில்தான் இருந்தார். ஒருமுறை அப்படி ஏறி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னாராம் டாக்டர். "எங்க மாப்ள கார்ல வந்தாலே அது நடந்துருது டாக்டர்" என்றாராம் மாமியார்.

பிறகு அந்தச் சிவப்பு ஸ்பிரிங்கில் ஒரு இடத்தில் பூச்சு பெயர்ந்து, துரு எட்டிப் பார்த்தது. சகலையின் நிம்மதி அன்றோடு போயிற்று. குழந்தை ஷாம்பூ கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பிரிங்குகளுக்கு வாராவாரம் குளியல் நடந்தது. மெல்லிய பிரஷ்ஷால் சேறு எடுத்து, மனைவி தலைமுடி காயவைக்கும் மெஷினால் ஒவ்வொரு சுற்றையும் உலர்த்துவார். பூச்சு பெயர்ந்த இடத்தில் மனைவியின் சிவப்பு நகப்பூச்சு. வீட்டுக்கு யார் போனாலும், காபிக்கு முன்னால் காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் பாய் விரித்து அதில் படுக்கச் சொல்வார். நான் புதுச் சட்டையோடு படுத்திருக்கிறேன்.

"கம்பி பிரஷ் மட்டும் கூடவே கூடாது சகலை. ஒரு கீறல் விழுந்தாப் போதும், துரு உள்ள பூந்துரும்" என்று மேலே இருந்து விளக்கம் வரும். சொன்னதென்னவோ சரிதான். ஸ்பிரிங்கைப் பற்றி அவர் சொன்ன எதிலும் தப்பு இல்லை.

மழையில் கார் வெளியே வராது என்று முதலில் சட்டம் போட்டார். அப்புறம் ஈரச் சாலையில் வராது என்றார். கடைசியில் கார் வெளியே வருவதே இல்லை. வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் வைத்துப் பூட்டினார். ஈரக்காற்று நுழையாமல் ஜன்னலுக்குப் பலகை அடித்தார், கதவு இடுக்குக்கு ரப்பர் ஒட்டினார். உள்ளே காரும், பின் சுவரோரம் அவருடைய ஆசிட் கேன்களும், அலமாரியில் அட்டைப்பெட்டிக்குள், அவசரத்துக்கு என்று வாங்கி வைத்த மாற்றுச் சிவப்பு ஸ்பிரிங்குகளும். கதவைத் திறந்தாலே கண் எரியும். "அது சுத்தத்தோட வாசனை" என்பார். பூட்டு மட்டும் என்ன எண்ணெய் விட்டாலும் லேசில் திறக்காது. குடும்பமே மாறி மாறித் திருக வேண்டும்.

இவ்வளவு செய்தும் துரு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாகப் பரவியது. சகலைக்கு எல்லோர் மேலும் சந்தேகம். பக்கத்து வீட்டு நாய் ஷெட்டுப் பக்கம் காலைத் தூக்குகிறதா என்று அதன் பின்னாலேயே சுற்றினார். நாய் அவரைப் பார்த்தால் வேறு தெருவுக்குப் போய்விடும் அளவுக்கு ஆயிற்று. நாய் மேல் குற்றம் நிரூபணம் ஆகாததால், பார்வை மாமியார் பக்கம் திரும்பியது.

மாமியார் சாயத் துணிகளை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பார். சாயம் போகாதாம். அந்தத் தண்ணீரைப் பின்வாசலில் கொட்டுவார், அது ஷெட்டுக் கதவோரமாக ஓடும். சகலை குனிந்து அதில் விரலைத் தொட்டு நக்கினார்.

"சகலை, நீங்களும் பாருங்க."

"எதை?"

"உப்பு! இரும்புக்கு எமன்!"

என் விரலையும் பிடித்து முக்கினார். சாயத் தண்ணீர்தான், உப்பாகத்தான் இருந்தது. நான் என்ன சொல்ல முடியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சகலை தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத்தை கொஞ்ச நாள் மூத்த பொண்ணு வீட்ல இருக்கட்டுமே" என்றார்.

மூத்த பெண் வீடு என்றால் என் வீடு. மாமியார் ஒரே ஒரு மாதம் எங்களோடு இருந்திருக்கிறார். அந்த ஒரு மாதத்தில் என் நாற்காலி பால்கனிக்குப் போயிற்று, என் ரேடியோ பரணுக்குப் போயிற்று. நான் கீழே உட்கார்ந்திருக்கும்போதே, ஆள் இல்லாத அறையில் எதற்கு என்று மின்விசிறியை அணைத்துவிட்டுப் போவார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதை தூரத்தில் இருந்தால்தான் நன்றாக இருக்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஷெட்டில் 'டணார்' என்று ஒரு சத்தம். ஓடினோம். பூட்டு வழக்கம்போல் அசையவில்லை. சகலை பதற்றத்தில் சுத்தியலால் ஒரு போடு போட, பூட்டின் வளைவு பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்தது. உள்ளே கார் ஒரு பக்கம் குந்தியிருந்தது. யாரும் ஏறவில்லை, யாரும் தொடவில்லை, நின்ற இடத்திலேயே முன்பக்க ஸ்பிரிங் முறிந்திருந்தது. ஒரு துண்டு தரையில் கிடந்தது. நகப்பூச்சுக்கு அடியில் முழுக்கத் துரு.

சகலை தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். பிறகு எழுந்து, "அத்தை, உங்க உப்புத் தண்ணி பண்ண வேலையப் பாருங்க" என்றார்.

மாமியார் எதற்கும் சளைக்காத மனுஷி. "நானா மாப்ள உடைச்சேன்?" என்று மட்டும் கேட்டார். சின்ன மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, பெட்டிய எடுத்து வைக்கிறேன்" என்று திரும்பினார். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அதோடு, அந்தப் பெட்டி வந்து இறங்கப்போகும் இடமும் நினைவுக்கு வந்தது.

"நில்லுங்க அத்தை!" என்று கத்தினேன். என் குரலா என்று எனக்கே ஆச்சரியம்.

என் மூளை அதுவரை அப்படி வேலை செய்ததில்லை. சுற்றிலும் பார்த்தேன். ஜன்னல் கீல் துருப்பிடித்திருந்தது. அலமாரி ஆணிகள் துருப்பிடித்திருந்தன. உச்சியில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கிப் பிரித்தேன். மாற்று ஸ்பிரிங்குகள், காரில் மாட்டவே இல்லை, சாலையைப் பார்த்ததே இல்லை. பூச்சு விட்ட இடமெல்லாம் துரு.

"சகலை, அலமாரி உச்சிலயுமா அத்தை தண்ணி ஊத்துனாங்க?"

"அது... காத்துல..."

"எந்தக் காத்து? நீங்கதான் காத்தே வராம அடைச்சுட்டீங்களே!"

எல்லோருக்கும் கண் எரிந்தது. பின் சுவரோரம் ஒரு ஆசிட் கேனின் மூடி சரியாகத் திருகாமல், அதன் வாயில் வெள்ளையாகப் புகை நெளிந்துகொண்டிருந்தது. சகலை கேனைப் பார்த்தார், ரப்பர் ஒட்டிய கதவைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

"ஆசிட் ஆவி" என்றார் மெதுவாக. "நானே மூடி வச்சு, நானே ஆவி புடிச்சிருக்கேன்."

"தெருவுல மழையில நின்னிருந்தாக்கூட இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள் என் மனைவி.

சகலை கைகூப்பி மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே கேட்டார். மாமியாரும் உடனே, "விடுங்க மாப்ள, கோவமில்ல" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஆனா நான் கெளம்புறேன்" என்றார் மாமியார்.

"எங்க அத்தை?"

"இந்த வீட்ல எனக்காக ஒருத்தர் வாயத் தொறக்கல. நான் பெத்த பொண்ணே சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னா. மூத்த மாப்ள என்னைப் போகவிடக் கூடாதுன்னு என்ன துடி துடிச்சாரு!" அவர் கண் கலங்கியிருந்தது. "அப்படி ஒரு பிள்ளை இருக்கும்போது நான் எதுக்கு இங்க கெடக்கணும்?"

"அதுக்கில்ல அத்தை..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சகலை பரணில் கிடந்த பழைய கம்பெனி ஸ்பிரிங்குகளை இறக்கித் துடைத்து மாட்டினார். அவற்றில் பொட்டுத் துரு இல்லை. கார் பழைய உயரத்துக்கு வந்தது. முதல் பயணமாக மாமியாரை எங்கள் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். எந்த வேகத்தடையிலும் யாரும் இறங்கவில்லையாம். மாமியார் ராணி மாதிரி இறங்கி உள்ளே போனார்.

சகலை டிக்கியைத் திறந்தார். மாமியாரின் பெட்டி, வாளி, ஒரு பை நிறைய உப்பு. அவற்றுக்குப் பின்னால் வரிசையாக ஆசிட் கேன்கள்.

"இது எதுக்கு சகலை?"

"ஷெட்ல வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே கண்டுபுடிச்சீங்க? உங்ககிட்டதான் கார் இல்லையே."

அந்த ஸ்பிரிங்குக்கு ஆகாதது எல்லாம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நானும் ஒரு பக்கம் பிடித்துக் கேன்களை இறக்கினேன். கடைசிக் கேனை வைத்துவிட்டு வியர்வையோடு உள்ளே வந்து உட்கார்ந்தேன். மின்விசிறி நின்றது.