இடக்கையால் வாங்கிய கிண்ணம்

ஃபாஹிமா இறந்த செய்தி கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டையிலிருந்து, பக்கத்திலேயே மஹய்யாவயில் இருக்கும் எனக்குக் கனடாவைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. எங்கள் பல்கலைக்கழக ஹொக்கிக் கழகத்தின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு வரி போட்டிருந்தார்கள். நான் நம்பவில்லை. உயிரோடு நன்றாக இருந்த நம் பழைய பயிற்றுநருக்கு அதே குழுவில் ஒருமுறை அஞ்சலி செலுத்தி, அவரே வந்து நன்றி சொன்ன கதையை, கழகத்துத் தோழிகளே, நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே எங்கள் அணித் தலைவியாக இருந்த கௌரி அக்காவுக்குக் கனடாவுக்கு அழைப்பெடுத்தேன்.

"ஓம் செல்வி, உண்மைதான். விடிய நெஞ்சு நோகுது எண்டு சொன்னவவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது. உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

ஒருத்தரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் எனக்கு முதலில் வந்தது, அழுகை பிறகுதான் வந்தது. என் குணம் அப்படி. என்னோடு விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல. பின்வரிசையில் நிற்கிறவளுக்குச் சந்தேகப்படுவதுதான் வேலை. எதிரே வருகிறவள் இடப்பக்கம் பார்த்தால் வலப்பக்கம் போகப்போகிறாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மைதானத்தை விட்டு வந்த பிறகும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. இப்போது பள்ளிக்கூடப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். அங்கேயும் விசில் வாயில் இருக்கும், சந்தேகம் கண்ணில் இருக்கும்.

ஃபாஹிமா இதற்கு நேர் எதிர். முன்வரிசைக்காரி. மிருக வைத்தியம் படிக்க வந்தவள், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு. ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டி, முழுக்கால் ட்ராக்சூட் போட்டுக்கொண்டு அவள் ஓடும்போது, வெயிலில் அவிந்துபோவாள் என்று பந்தயம் கட்டியவர்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவே மாட்டாள். சிரித்துக்கொண்டே வேறொன்றைச் சொல்வாள். எனக்கு அந்தச் சிரிப்பின் மேலும் ஒரு சந்தேகம் இருந்தது.

கழகத்தின் வரலாறு உங்களுக்குத் தெரியும். ஆற்றோரத்து மைதானத்தில் ஆண்கள் வெகுகாலம் விளையாடிய பிறகுதான் பெண்களுக்கு அணி வந்தது. கோல்கீப்பரின் கால்கவசம் ஒரே ஒரு சோடி. ஆண்கள் பயிற்சி முடித்து, வேர்வை காயாமல் தருவதை மூக்கைப் பிடித்துக்கொண்டு கட்டிக்கொள்வோம். புல்லில் பனி காயுமுன் பயிற்சி, அட்டை கடித்த காலோடு விரிவுரை. தேசியக் குழாத்துக்குப் போனவர்கள், பள்ளிக்கூடங்களில் பயிற்றுநர்களானவர்கள், நடுவர்களானவர்கள் என்று இந்தக் கழகம் தந்தவர்கள் பலர். ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வெற்றிக் கிண்ணத்தைப் பெண்கள் அணி தூக்கியது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையைத்தான் நான் இத்தனை வருடம் சந்தேகித்தேன்.

இறுதிப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. ஹொக்கி அறியாத வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோலுக்கு முன்னால் ஒரு அரைவட்டம் உண்டு, நாங்கள் அதை 'டி' என்போம். அந்த 'டி'க்குள் வைத்துத் தாக்கும் அணியின் மட்டை பந்தைத் தொட்டால்தான் கோல். வெளியிலிருந்து அடித்த பந்து யார் மட்டையிலும் படாமல் உள்ளே போனால் அது வெறும் பந்து. போட்டி முடியும் தறுவாயில், இரு பக்கமும் கோல் இல்லாதபோது, எனக்கு ஒரு ஃப்ரீ ஹிட் கிடைத்தது. 'டி'க்கு வெளியே நின்று பலம் கொண்ட மட்டும் அடித்தேன். எங்கள் அணியில் உள்ளே நின்றிருந்தவள் ஃபாஹிமா ஒருத்திதான். குனிந்து மட்டையை நீட்டினாள். பந்து கோலுக்குள் போனது.

எனக்குச் சத்தம் கேட்கவில்லை. பந்து மட்டையில் பட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அது எவ்வளவு இலேசாகப் பட்டாலும் வரும். வரவில்லை. எதிரணி கையை ஆட்டிக் கத்தியது. நடுவர் ஃபாஹிமாவைப் பார்த்து, "டச்சா?" என்று கேட்டார். அவள் முகம் வெளுத்திருந்தது. "பட்டது சேர்" என்றாள். நடுவர் விசில் ஊதி, கோல் என்று மைதானத்தின் நடுவைக் காட்டினார்.

எல்லாரும் அவள் மேல் விழுந்தார்கள். நான் விழவில்லை. உள்ளதைச் சொன்னால் அதில் பொறாமையும் கொஞ்சம் இருந்தது. அடித்தவள் நான், தோளில் ஏறியவள் அவள். ஆனால் பொறாமையை விடச் சத்தம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பட்டது என்றால் சத்தம் எங்கே?

அதன் பிறகு அவள் செய்த ஒவ்வொன்றும் எனக்குச் சாட்சியாகிக்கொண்டே போனது. மிச்ச நிமிடங்களில் அவள் பந்துப் பக்கமே போகவில்லை. போட்டி முடிந்து எதிரணியோடு கைகொடுக்க வரிசையில் நின்றபோது அவளைக் காணவில்லை. மரத்தடியில் கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு திரும்பி நின்றாள். அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கிண்ணம் கொடுத்தபோது கௌரி அக்கா அவளையும் மேடைக்கு இழுத்துப் போனார். அதை அவள் இடக்கையால் வாங்கினாள். ஒரு டொபியை நீட்டினாலும், "வலக்கையால தா, வலக்கையால தா" என்று எங்களை அதட்டுகிறவள், கிண்ணத்தை இடக்கையால் வாங்கினாள். தனக்கு உரிமையில்லாததை அப்படித்தான் வாங்குவார்கள் என்று நான் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தேன்.

அன்று பின்னேரம் கண்டி டவுனில் எல்லாரும் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். அவள் தொடவில்லை. "பசி இல்லடி" என்றாள். மனச்சாட்சி குத்தினால் எப்படிப் பசிக்கும் என்று, அவளுடைய பங்கையும் நானே சாப்பிட்டேன். மறுநாள் வலக்கையின் சுண்டு விரலில் பெரிய கட்டு. "ஹொஸ்டல் கதவுல நசுங்கிட்டு" என்றாள். "கவனமா இருக்கத் தெரியாதாடி?" என்று திட்டிக்கொண்டு நான்தான் ஒரு வாரம் அவளுக்குத் தலைவாரி விட்டேன், நோட்ஸும் எழுதிக் கொடுத்தேன். பரிதாபம் வேறு, சந்தேகம் வேறு என்று அப்போது நினைத்தேன்.

அந்த விரல் கோணலாகவே ஒட்டியது. அவள் மிருக வைத்தியராகிக் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து மாடு, ஆடு, பூனை எல்லாவற்றுக்கும் அதே கையால் ஊசி போட்டாள். எங்கள் வீட்டு நாய்க்கும் அவள்தான். ஒருமுறை அதற்கு மருந்து கொடுக்க வந்தபோது, "வாயில்லா சீவனுக்கு எங்க நோவுதுன்னு எப்படிடி கண்டுபிடிக்கிற?" என்று கேட்டேன். "அதுகள் நோவு எங்கன்டு சொல்லாது செல்வி. ஆனா பொய்யும் சொல்லாது. மனுஷன்தான் கஷ்டம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என்னைச் சொல்கிறாளா, தன்னையே சொல்கிறாளா? வழமைபோலச் சிரித்தாள். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

உடற்பயிற்சிக் கூடத்தில் வெற்றிப் பலகை மாட்டிய அன்று உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அவள் வரவில்லை. ஒரு பசு கன்று போடுகிறது என்று செய்தி அனுப்பினாள். அடுத்த வருட ஒன்றுகூடலுக்கும் ஒரு பசு. அதற்கடுத்த வருடமும். கட்டுகஸ்தோட்டைப் பசுக்கள் எல்லாம் எங்கள் கழகத்தின் நாட்காட்டியைப் பார்த்துத்தான் கன்று போடுகின்றனவா என்று நான் கௌரி அக்காவிடம் கேட்டதுண்டு. "நீ உந்தச் சந்தேகத்த விடு செல்வி, பாவம் அவள்" என்பார்.

இந்த வருடம் கழகத்தின் நினைவு மலருக்குப் பெண்கள் அணியின் வரலாற்றை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள். நான் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஃபைனல் கோல் உன் பேர்ல போடவா?" என்று நேராகவே கேட்டேன்.

"என்ட பேர் வேணாம் செல்வி. அதப் போடாத" என்றாள்.

இருபது வருடத்துக்கு மேலாகக் காத்திருந்த வாக்குமூலம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். அன்றே உட்கார்ந்து எழுதினேன். 'அந்த ஒரே கோலும் ஐயத்துக்கு இடமானது என்பதை நேர்மையுடன் பதிவு செய்கிறோம்.' எழுதியதை அவளுக்கும் அனுப்பினேன். அவளிடமிருந்து வந்த பதில், "நேர்மையா எழுதீக்கிற. சந்தோஷம்." குத்தலாகச் சொல்கிறாள் என்று அதையும் சந்தேகித்தேன். அதுதான் அவள் எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி.

செய்தி கேட்டு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. எனக்கு ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் அங்கே பதில் கிடைத்தது. அவளுடைய தொலைபேசியைத் திறக்க வீட்டில் எவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் மறுபடி போனேன். அவளுடைய கணவர் ரவூஃப் நானா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"மழ வந்தா அவக்கு அந்த வெரல் நோவும்" என்றார், என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல். "அந்த ஃபைனல்ல பந்து பட்டு முறிஞ்ச வெரல்."

"இல்லீங்க நானா, அது ஹொஸ்டல் கதவுல நசுங்குனதுங்க" என்றேன்.

"கதவா? எந்தக் கதவு?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு அப்பிடியா சொல்லீக்கா? நீங்க அடிச்ச பந்து தானே. ஸ்டிக்கப் புடிச்ச வெரல்ல பட்டுத்தானாம் உள்ளுக்குப் போன. கையில பட்டா ஃபவுல்ன்டு அவக்கு ஒரே கவல. ரெஃப்ரி பட்டதான்டு கேட்டாராம், பட்டதுன்டு சொன்னாவாம். 'நான் பொய் சொல்லல்ல, ஆனா உண்மையும் சொல்லல்ல'ன்டு எத்தன தரம் சொல்லீக்கா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உங்களுக்கு சொன்னா கப்பத் திருப்பிக் குடுக்கச் சொல்லுவீங்கன்டு பயம்." அவர் இலேசாகச் சிரித்தார். "ஆனா நீங்க அனுப்பின எழுத்தப் பாத்திட்டு நல்ல சந்தோஷம். 'செல்வி சரியா எழுதீக்கா, இப்பதான் பாரம் கொறஞ்ச'ன்டு சொன்னா."

தோழிகளே, உங்களில் நடுவர் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இடத்தில் என் நிலைமை விளங்கும். மட்டையைப் பிடித்திருக்கும் கையில் பந்து பட்டால் அது குற்றமில்லை, அந்தக் கையும் மட்டையாகவே கொள்ளப்படும். கண்டிப் பள்ளிக்கூட மைதானங்களில் இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். விரலைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையிடம், "அழாத, ஆட்டம் தொடருது, ஓடு" என்று கத்தியிருக்கிறேன். விரலில் பட்ட பந்துக்கு 'டக்' சத்தம் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

"நானா, ஸ்டிக்கப் புடிச்சிருக்கிற கையில பட்டா அது ஸ்டிக்குல பட்ட மாதிரிதாங்க" என்றேன். "அது கோல்தாங்க. சுத்தமான கோல்."

"அப்பவும் அந்தச் சட்டம் ஈந்ததா?"

"இருந்துச்சுங்க."

"அப்ப அவக்கு இதச் சொல்ல ஒருத்தரும் ஈக்கல்லயா?"

நான் இருந்தேன். அவளுடைய வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், நாய்க்கு ஊசி போட வந்தவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். "கையைக் காட்டு, என்ன நடந்தது?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அவளுக்கும் பாரம் போயிருக்கும், எனக்கும் போயிருக்கும். பட்டதா படவில்லையா என்று மட்டுமே மனதுக்குள் விசாரணை நடத்திக்கொண்டு, எதில் பட்டது என்று கேட்காமலே இருந்துவிட்டேன். நடுவர் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அச்சகத்துக்குச் சொல்லி அந்தப் பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஐயம் என்று நான் எழுதிய வரியை நீக்கிவிட்டேன். அந்த இடத்தில் 'கோல்: ஃபாஹிமா' என்று இருக்கும். வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் பேச்சை நான் கேட்கப் போவதில்லை. உங்களில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் விதிப் புத்தகத்தோடு என்னிடம் வாருங்கள்.

அவள் நினைவாக எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒரு புகைப்படம். மேடையில் கௌரி அக்கா சிரிக்கிறார், நான் ஓரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறேன், ஃபாஹிமா முறிந்த விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இடக்கையால் கிண்ணத்தைத் தூக்குகிறாள். இத்தனை வருடம் இந்தப் படத்தில் இருப்பவள் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. 'பட்டது' என்றதை நம்பவில்லை, சிரிப்பை நம்பவில்லை, பசுக்களை நம்பவில்லை. நான் அறிய அவள் சொன்ன ஒரே ஒரு பொய் அந்தக் கதவு. அதை மட்டும் நம்பிவிட்டேன்.