பீவிம்மா பார்த்த கைகள்

பீவிம்மா போய்விட்டாராம்... நேற்று மதியத் தொழுகை முடிந்து அடக்கமும் ஆகிவிட்டதாம்.

இன்று காலை ஒடுகத்தூர் ரோட்டில், ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கும் நம்ம டிஸ்பென்சரி மோட்டார் நின்றதும், சீட்டு வாங்க வரிசையில் நின்ற பெண்கள் சொன்னார்கள். மருந்து பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன சிநேகிதிகளே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆம்பூர் வளையல்காரம்மா... கண்ணாடி வளையலைக் கொத்துக் கொத்தாகத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பாரே, அவர்தான்.

பெண்கள் வெளியே வராத கோஷா வீட்டு உள்கட்டு வரைக்கும் போவார், குடியானவர் வீட்டு அடுப்படிக்கும் போவார். நம் டாக்டரம்மாவுக்கே திறக்காத கதவெல்லாம் அவருக்குத் திறக்கும்.

எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று வாரா வாரம் மோட்டாருக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை, சம்பளமும் கிடையாது.

பிறகு ஏன் செய்கிறார்? எனக்கு ஒரே குடைச்சல். கேட்டால், "போற வழிதானேம்மா" என்பார். வழியாவது... இரண்டு மைல் சுற்று!

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒருநாள் வந்தார். "கம்பவுண்டரம்மா, மேட்டுத்தெரு செல்லம்மா மாசமா கீறா இல்ல, வளையல் கை ஏறலம்மா. போன மாசம் போட்ட அளவு இப்ப கட்டைவிரலாண்டயே நின்னுடுச்சு. டாக்டரம்மாவ ஒருதபா பாக்கச் சொல்லு."

அன்றைக்கு மோட்டார் நின்ற மரத்தடியில் ஏகக் கூட்டம். "புள்ளத்தாச்சின்னா பூசினாப்லதான் இருப்பா பீவிம்மா, நீங்க வியாபாரத்தப் பாருங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் மோட்டார் போனபோது செல்லம்மாள் இல்லை. வலிப்பு வந்து, தாயும் பிள்ளையும்...

பீவிம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வழக்கம்போல அடுத்த வாரமும் வந்து, யாருக்கோ காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறு வருஷம் ஆவணியில் கையில் இரண்டு வளையலோடு வந்தார். ஒன்று ஆடியில் ஏறிய அளவாம். இன்னொன்று அதைவிடப் பெரிசு, இப்போது அதுவும் ஏறவில்லையாம்.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிற ஒருவருடைய மனைவி. எட்டு மாசம். இந்தத் தடவை நான் உடனே டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

ஆனால் மாமியார் விடவில்லை. "மோட்டாராண்ட போனா கொயந்தைக்கு ஆவாது" என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா கெஞ்சிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை.

பீவிம்மா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "கை வீங்கினே போவுது. போட்டிருக்கற வளையல் தானா ஒடைஞ்சா இன்னா ஆவும், யோசிச்சுப் பாரு. சோப்பு போட்டுக் கழட்டி, பெருசா போட்டு வுட்டுடறேன். நம்ம வீட்டு சோப்புக்கு வழுக்காது, டாக்டரம்மா சோப்புதான் வேணும்" என்று மாமியாரிடம் சொன்னார்.

மாசமான பெண் கையில் வளையல் உடைவதா! மாமியாரே மருமகளைக் கையைப் பிடித்து மோட்டாருக்கு அழைத்து வந்துவிட்டார்.

சோப்பு போட்டது பீவிம்மா, சோதித்துப் பார்த்தது டாக்டரம்மா. முகம், கால் எல்லாம் வீக்கம். சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தால் பால் மாதிரித் திரிந்துபோனது, வலிப்பு வரப்போகிறது என்பதற்கு அடையாளம்.

அதே மோட்டாரில் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. மாமியாரும் ஏறிக்கொண்டார். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன். "கை வீங்கினா ஆபத்துன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் பீவிம்மா?"

"எனக்கு இன்னா வைத்தியம் தெரியும்? புருசன் இருக்கசொல்ல கட்டுக்கழுத்தியா ஒருத்தி செத்தா புது வளையல் போட்டுத்தானே தூக்குறாங்க. போட என்னத்தான் கூப்புடுவாங்க. மாசமா இருந்து வலிப்புல போனதுங்க ஒண்ணுக்கும் வழக்கமா போடற அளவு ஏறல. இத்தினி வருசமா பாக்கறேனே."

அப்படியானால் செல்லம்மாளுக்கும் அந்தக் கடைசி வளையலை அவர்தான் போட்டிருப்பார்.

இன்று வரிசையில் நின்ற மாசமான பெண்களையெல்லாம் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். எது வீக்கம், எது சதைப்பற்று என்று ஒன்றும் புரியவில்லை... போன மாசம் அந்தக் கை எப்படி இருந்தது என்று அவருக்குத்தானே தெரியும்.

செல்லம்மாள் விஷயத்தில் உங்களிடம் நான் மன்னிப்பு கேட்டதே இல்லை, பீவிம்மா. கேட்டால் "வுடும்மா" என்று சொல்லிவிடுவீர்கள்... அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

போய் வாருங்கள்.