நாயனத்துக்குப் பின்னால் ஒரு பந்தயக் கார்

போன மாதம் எங்கள் பட்டறை வாசலில் ஒரு சிவப்பு கார் வந்து நின்றது.

நின்றது என்று எழுதினால் முழுக்கச் சரியில்லை. குலுங்கியது, இருமியது, அணைந்தது. அதற்குப் பெயர் நிற்பது என்றால் — நின்றது.

காரைக்குடியில் நாங்கள் பார்க்காத காரா? பெரிய வீடுகளில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் அந்தக்காலத்து வண்டிகள் முக்கால்வாசி என் வீட்டுக்காரர் சவரிமுத்துவின் கைக்கு வந்து போனவைதான். இது வேறு ரகம். இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கினால் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. சீட்டு தரையோடு தரையாக… பந்தியில் இலைக்கு முன்னால் உட்காருவது மாதிரி இறங்கி உட்கார வேண்டும். எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும்.

காரின் சொந்தக்காரர் சாத்தப்பன். பினாங்கில் தொழில். மகன் கல்யாணத்துக்காகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். மகன் அங்கே பந்தயத்தில் ஓட்டிய வண்டியாம். வந்த கையோடு பிள்ளையார்பட்டியில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து… எல்லாம் முறையாகச் செய்தாயிற்று. ஆனாலும் வண்டி சண்டித்தனம் செய்கிறது.

விஷயம் இதுதான். கல்யாணம் கீழச்சிவல்பட்டியில். மாப்பிள்ளை அழைப்புக்கு மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வர வேண்டும். முன்னால் நாயனமும் தவிலும் போகும், பின்னால் கார். தவில்காரர் ஒரு முக்கில் நின்று வாசிக்க ஆரம்பித்தால் காரும் நிற்க வேண்டும். அவர் நடந்தால் காரும் நடக்க வேண்டும்.

பறப்பதற்கென்றே செய்த வண்டி. நடக்கச் சொன்னால் உயிரை விடுகிறது. கொஞ்சம் அழுத்தி மிதித்தாலோ, உள்ளே கொலுசு குலுங்குவது மாதிரி ஒரு தட்டல்.

"எங்க ஆத்தா கேக்குறாக, நடக்கத் தெரியாததை எதுக்குடா கப்பல்ல ஏத்துனேன்னு. நீங்கதாண்ணே பாக்கணும்" என்றார் சாத்தப்பன்.

உலகத்தில் எல்லாரும் பந்தயக் காரை வேகமாகப் போக வைக்கத்தான் மெக்கானிக்கைத் தேடுவார்கள். மெதுவாகப் போக வைக்கத் தேடி வந்தவர் எங்கள் ஊர்க்காரராகத்தானே இருக்க முடியும்?

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு பெண்பிள்ளை யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இன்ஜினுக்கு டைமிங் வைக்கும்போது ஒருவர் முன்னால் குனிந்திருக்க வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். கல்யாணமான புதிதில், ஆள் கிடைக்காத ஒரு நாள், "இங்குட்டு வந்து இதை மிதி" என்று கூப்பிட்டார். மிதித்தேன். அதுவே என் வேலையாகிப் போனது. பானெட்டுக்குப் பக்கத்தில் அவர் கை மட்டும் நீளும். கை உயர்ந்தால் மிதிப்பேன். தாழ்ந்தால் தளர்த்துவேன். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. திறந்த பானெட் என்னை மறைத்துக்கொள்ளும். அதனாலேயே அந்த வேலை பிடித்துப்போயிற்று.

டைமிங் என்றால் என்ன? எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். தாளிக்கும்போது கடுகு வெடிக்கும் முன்பே கறிவேப்பிலையைப் போட்டாலும் ருசி கெட்டது, கருகின பிறகு போட்டாலும் கெட்டது. அது மாதிரி இன்ஜினுக்குள் நெருப்புப் பொறி விழ ஒரு நேரம் உண்டு. முந்தினால் தட்டும். பிந்தினால் இழுவை இருக்காது. அந்த நேரத்தை என் வீட்டுக்காரர் காதால் பிடிப்பார். பொறியை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு கையால் திருப்பிக்கொண்டே, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி…

சரி, எதற்கு இவ்வளவு சொல்கிறேன்? கொஞ்ச காலமாக அவருக்குக் காது மந்தம்.

முதலில் ரேடியோ சத்தம் கூடியது. பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று குறைப்பட ஆரம்பித்தார். ஒரு நாள் காலைப் பூசைக்கு மணி அடித்து ஓய்ந்த பிறகு, இன்றைக்கு ஏன் மாதா கோயிலில் மணியே அடிக்கவில்லை என்று கேட்டார். நான் சேலையை மாற்றிக்கொண்டு பூசைக்குக் கிளம்பினேன். அவரும் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டினார்.

காதால் வேலை பார்க்கிறவருக்குக் காது போனால் என்ன மிச்சம்? அதை எப்படி நான் வாயால் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள், பட்டறைக்கு வந்த ஏதோ ஒரு வண்டி தட்டுகிறது… இவர் பாட்டுக்கு மேலே மேலே திருப்பிக்கொண்டு போகிறார். என் கால் தானாகத் தளர்ந்தது. அவர் கை நின்றது. கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினார். தட்டல் போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் பட்டறை அப்படித்தான் ஓடியது. தட்டினால் தளர்த்துவேன். தளர்ந்தால் பின்னுக்குத் திருப்புவார். வாய்விட்டு ஒரு பேச்சு கிடையாது. நான் செய்வது அவருக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு காரிடம் எங்கள் வித்தை பலிக்கவில்லை.

இவர் ஒரு இடத்தில் சரியாக வைப்பார். நல்லாத்தான் ஓடும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி குலுங்கும். இவர் ஒரு பக்கம் திருப்ப, உள்ளே யாரோ மறுபக்கம் திருப்பினார்கள். யார் என்று பிறகுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர். காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்துகொண்டு, அதுவும் தன் கணக்குக்கு டைமிங் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இது தெரியாமல் இரண்டு நாள் அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார் மனுஷன்.

இரண்டாம் நாள் சாயங்காலம், சரியாகிவிட்டது என்று சாத்தப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திருப்பத்தூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார். எனக்கு அதில் இடம் ஏது? திரும்பி வரும்போது தெருமுனையிலேயே எனக்குக் கேட்டது, கொலுசுச் சத்தம். சாத்தப்பனுக்கும் கேட்டிருக்கிறது. முகம் சொன்னது. இவர் மட்டும் சிரித்த முகமாக இறங்கினார்.

அந்தத் தட்டல் தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும், கல்யாணக் கார் நடு வீதியில் நிற்கும். அதை விடுங்கள். சவரிமுத்துவுக்குக் காது கேட்காது என்று தெரிந்த பிறகு யார் இவரிடம் வண்டி விடுவார்கள்? வண்டி வராவிட்டால் இவர் காலையில் எதற்கு எழுந்திருப்பார்?

சாத்தப்பன் நல்ல மனுஷர். ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் வருகிறார், உங்கள் பட்டறையிலேயே வைத்து, உங்களையும் வைத்துக்கொண்டு பார்க்கட்டும் என்றார்.

வந்தவர் பெயர் இளங்கோ. நாற்பது வயது இருக்கும். கையில் லேப்டாப் — சின்னப் பெட்டி மாதிரி மடக்குகிற கம்ப்யூட்டர். மூக்குக்குக் கீழே பெரிய மீசை. இதுதான் எனக்குக் கவலையாகிவிட்டது. என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார். மீசைக்குள் உதட்டை எங்கே தேடுவார்?

அந்தப் பிள்ளை பொறுமையாக விளக்கினார். பினாங்கில் கிடைக்கும் உசத்திப் பெட்ரோலுக்குத் தோதாக இந்தக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெட்ரோல் சீக்கிரம் வெடித்துவிடுகிறது. அதனால் மாற்றி எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் கட்டிப்போட்டுவிட்டு, டைமிங்கைக் கையால் முதல் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு விளக்கு வைத்திருந்தார். வெளிச்சம் பளிச் பளிச்சென்று விழ, சுற்றுகிற சக்கரத்தில் உள்ள கோடு அப்படியே அசையாமல் நிற்கிறது. இது கண் வேலை. என் வீட்டுக்காரர் ஒரே திருப்பில் கோட்டை நிறுத்தினார். எனக்கு மூச்சு வந்தது.

அடுத்ததுதான் வினை.

பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். இளங்கோ பக்கத்துச் சீட்டில், மடியில் லேப்டாப்போடு. கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பிடித்தார். கார் நின்ற இடத்திலேயே மேடு ஏறுவது மாதிரி முக்கியது. இன்ஜினில் ஒரு செப்புக் குழாயை முடுக்கி, அதிலிருந்து ரப்பர் குழாய் விட்டு, நுனியில் காதை மூடுகிற மாதிரி இரண்டு குமிழ். டாக்டர் வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

அதை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். நான் டைமிங் நம்பரை மாற்றிக்கொண்டே வருகிறேன், தட்டினால் கையைத் தூக்குங்கள், உங்களுடையதுதான் பழகின காது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அவர் மாட்டிக்கொண்டார். தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். எல்லாம் பழையபடி.

நான் மிதித்தேன். இளங்கோ எதையோ தட்டினார். இன்ஜின் முனகியது… கொலுசு கேட்டது. குழாயில்லாமலே எனக்குக் கேட்டது. அவர் கை தூக்கவில்லை.

வழக்கம்போல என் கால் தளர்ந்தது.

"காலை எடுக்காதீங்கம்மா. அப்படியே வெச்சிருங்க, எடுத்தா நம்பரெல்லாம் ஓடிப் போயிருமுங்க" என்றார் இளங்கோ.

காலை எடுக்கக் கூடாது. அப்படியென்றால் அவருக்கு நான் எப்படிச் சொல்வது?

அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டல் கூடிக்கொண்டே போனது. அவர் கண்ணைத் திறந்து பானெட்டைச் சுற்றிப் பக்கவாட்டில் வந்தார். என் காலைப் பார்த்தார். அது அசையாமல் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். சாத்தப்பன் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். 'சரியா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது.

இளங்கோவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். சத்தம் அடங்கியது. குமிழ்களைக் காதிலிருந்து கழற்றினார்.

"எனக்குக் காது கேக்காது தம்பி. கொஞ்ச நாளா இந்தப் பட்டறைக்குக் காது அவதான். அவகிட்டக் குடுங்க."

எனக்குக் கண்ணை மறைத்தது. அவரே குனிந்து என் தலையில் அதை மாட்டிவிட்டார். கொண்டையில் சிக்கியது, விடுவித்துச் சரிசெய்தார். அத்தனை பேருக்கு முன்னால் அவர் என் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பிறகு வேலை சுலபமாக நடந்தது. தட்டல் கேட்டதும் கையைத் தூக்குவேன். இளங்கோ நம்பரைக் குறைப்பார். இவர் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குழாய்க்குள் வெறும் மூச்சுச் சத்தம் மாதிரி சீராக வந்தது. அப்புறம் நடக்கிற வேகத்துக்கு ஏதேதோ எழுதினார் அந்தப் பிள்ளை. போகும்போது சாத்தப்பன் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, பினாங்கு திரும்பும் முன் தன் வீட்டில் கிடக்கும் பழைய வண்டிகள் இரண்டையும் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். "ரெண்டு பேருமே இருங்கண்ணே" என்றும் சொன்னார்.

மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்களும் போயிருந்தோம். கீழச்சிவல்பட்டி வீதியில் நாயனத்துக்குப் பின்னால் அந்த வண்டி பூனை மாதிரி நடந்தது. தவில்காரர் நிற்கும்போதெல்லாம் நின்றது, அணையவில்லை. மாப்பிள்ளைதான் பாவம், பந்தயத்தில் ஓட்டின வண்டியில் இப்படிக் கும்பிட்டுக்கொண்டே போக வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது அவரிடம் கேட்டேன். அவருக்குக் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"நான் காலைத் தளத்துறது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். நான் சொல்லாம நீ என்னைக்குக் காலைத் தளத்தியிருக்க?"

"பின்ன ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ சொன்னியா?"

அவர் மனம் நோகக் கூடாதென்று நான் மறைத்தேன். நான் மறைப்பது வீணாகக் கூடாதென்று அவர் மறைத்தார். ஒரே வீட்டுக்குள் ஒரே விஷயத்தை இரண்டு பேர் ஒளித்து வைத்துக் காவல் காத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும்… யோசித்துப் பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் உரக்கத்தான். சவரிமுத்து வீட்டில் தினமும் சண்டை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம் — பேசிக்கொள்ளட்டும்.