சுல்தான் பிறந்தநாளில் ஆடு சுட்ட அய்யாவு

அய்யாவுக்குத் தெரிந்த ஒரே வித்தை தீயை அடக்கி வைப்பது. ஜொகூரில், கூலாய் ரயிலடியிலிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த மூணாங்கட்டைத் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கொட்டகையில், பதினோரு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. தீ கொழுந்துவிட்டு எரியவும் கூடாது, அணையவும் கூடாது. எரிந்தால் ஷீட்டு கருகும், அணைந்தால் பூசணம் பிடிக்கும். அவர் மூட்டிய தீ இரண்டும் செய்யாது. அது நல்ல பேர்தான். அந்தப் பேர்தான் அவரைக் குழியில் தள்ளியது.

பதினோரு வருஷப் புகையில் பாதி அவர் கண்ணுக்குள் போயிருந்தது. பொழுது சாய்ந்தால் படி தெரியாது, சோற்றில் கல் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் இமையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ரெண்டு வருசம் இந்தப் புகையில நின்னா கண்ணு போயிரும்பா. வேற வேலை பாத்துக்க."

வேறு வேலையும் இருந்தது. மனைவி வெள்ளையம்மாவின் தம்பி சிங்கப்பூரில் ஒரு பங்களாவுக்குத் தோட்டக்காரன். அங்கே இன்னொரு ஆள் வேண்டுமாம். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், புல் வெட்ட வேண்டும், புகையே கிடையாது. ஆனால் செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை ஆறு மணிக்கு ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் இடம் வேறொருவனுக்கு.

ஒரு மாதம் முன்கூட்டிச் சொன்னால் போதும், யாரும் போகலாம் என்று சட்டம் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அந்தோனிப்பிள்ளையின் மேசை டிராயருக்குள் இருந்தது. அய்யாவு மூன்று முறை போய் நின்றார். மூன்று முறையும் கிராணி தலை நிமிராமல் ஒரே பதிலைச் சொன்னார்.

"உன்னைப்போல நெருப்புப் பாக்க ஒருத்தன் வரட்டும் அய்யாவு. பிறகு பாப்பம்."

அப்படி ஒருவன் எங்கிருந்து வருவான்? தேடினால்தானே வருவான்.

ஆகவே புருஷனும் பெண்சாதியும் பதினேழாம் தேதியைக் குறித்து வைத்தார்கள். அன்று சுல்தான் பிறந்தநாள், ஜொகூர் முழுக்க விடுமுறை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கிடையாது. பகல் இரண்டு மணி ரயிலில் ஏறிவிட்டால் மறுநாள்தான் தேடுவார்கள்.

அங்கேதான் தொண்டர் சங்கம் வந்து சேர்ந்தது. பச்சைத் துணியைத் தோளில் குறுக்கே கட்டிய இருபது வாலிபர்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயத்துக் கால்வாயைச் சுத்தம் செய்வார்கள், சாவு விழுந்தால் பாடை தூக்குவார்கள். தங்கமான பிள்ளைகள், குறை சொல்ல முடியாது. சுல்தான் பிறந்தநாளுக்குத் திடலில் எட்டு ஆடு சுட்டுத் தோட்டத்துக்கும் மலாய்க்காரர்கள் வாழும் பக்கத்துக் கம்பத்துக்கும் விருந்து வைப்பதென்று முடிவு செய்தார்கள். தலைவன் மூர்த்தி நேரே அய்யாவு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, நீங்க இல்லாம இது நடக்காதுண்ணே. தீ உங்க பொறுப்பு."

வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பான். அய்யாவு தலையாட்டினார். அவன் போன பிறகு வெள்ளையம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் யோசனை சொன்னவளும் அவள்தான். "கொட்டகையில கதவ மூடிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுறீங்கல்ல, அந்தத் தீ ஓடியா போகுது?"

அன்று காலை கம்பத்துப் பள்ளிவாசல் லெபாய் வந்து முறைப்படி ஆடுகளை அறுத்துக் கொடுத்தார். மலாய்க்காரர்களும் சாப்பிட வேண்டுமே. திடலின் ஓரத்தில் தகரத்தால் ஒரு சின்னப் புகைக்கொட்டகையே கட்டியிருந்தார் அய்யாவு. குழி நிறைய ரப்பர் கட்டைத் தணல், மேலே மூங்கிலில் ஷீட்டு தொங்குவது போல எட்டு ஆடுகள், சுற்றிலும் நனைத்த சாக்கு. கதவைச் சாத்திவிட்டு மூர்த்தியிடம் சொன்னார்: "ஒரு மணி வரைக்கும் யாரும் தொறக்கப்படாது. தொறந்தா கறி கெட்டுரும். நான் பின்பக்கமா இருந்து பாத்துக்கிறேன்."

பதினொரு மணிக்குப் பின்பக்கமாகவே நடந்து போய்விட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தணலை அவர் கொஞ்சம் ஏனோதானோவென்று போட்டிருக்கலாம். கறி கருகியிருந்தால் நாலு பேர் திட்டிவிட்டு, கிடைத்ததைத் தின்றுவிட்டுப் படுத்திருப்பார்கள். அவருக்கும் அது தோன்றியது. ஆனால் கை கேட்கவில்லை. கட்டைக்குக் கட்டை பார்த்து அடுக்கிவிட்டுத்தான் நகர்ந்தார். பாழாய்ப்போன கை.

ஒரு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வந்தது. அப்படி ஒரு கறியை அந்தத் தோட்டம் அதற்கு முன் தின்றதில்லை. தோட்டத்துத் துரை இரண்டாம் முறை வாங்கித் தின்றுவிட்டு, "இதைச் செய்த ஆள் எங்கே?" என்று கேட்டார். ஆளைக் காணோம். கூலாய் ரோட்டில் நடந்து போனதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அவ்வளவுதான், தொண்டர்கள் தோட்டத்து லாரியில் மாலையோடு ஏறிவிட்டார்கள்.

கூலாய் ஸ்டேஷனில் ரயில் வரப் பத்து நிமிஷம் இருந்தது. வெள்ளையம்மாவின் காலடியில் துணிமூட்டை, சுருட்டிய பாய், சோற்றுப் பானை. மூர்த்தி குதித்து ஓடிவந்தான்.

"என்னண்ணே, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க. தொரையே உங்களக் கூப்புடுறாரு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் லாரியின் முன்சீட்டில் கிராணி இருந்தார். பானையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார். ஓடிப்போனவன் என்று அந்த மனிதர் ஒரு வரி எழுதினால் சிங்கப்பூரில் ஒரு பங்களாவும் தன்னைச் சேர்க்காது என்று அய்யாவு நம்பினார்.

வெள்ளையம்மாதான் பேசினாள். "நாந்தான் தம்பி வீட்டுக்குப் போறேன் ஐயா. இவரு வழியனுப்ப வந்தாரு."

"நல்லது. நீ போயிட்டு வா," என்றார் கிராணி. "அய்யாவு, ஏறு."

மூட்டையைத் தூக்கும் சாக்கில் அவள் காதருகில் சொன்னாள்: "காலையில நான் போயி அந்த எடத்துல நிக்கிறேன். நீங்க எப்படியாவது வந்துருங்க."

மாலையைப் போட்டு அவரை லாரியில் ஏற்றினார்கள். சந்தோஷத்தில் கூச்சல் போட்டார்கள். அவருக்கு அழுகையாக வந்தது, புகையென்று சொல்லித் துடைத்துக்கொண்டார். திடலில் துரை கைகொடுத்தார். இரண்டாவது புகைக்கொட்டகை கட்டப்போவதாகவும், இரண்டுக்கும் அய்யாவுதான் தலைமை என்றும் கிராணி தமிழில் எடுத்துச் சொன்னார். ஜனங்கள் கைதட்டினார்கள். மறுநாளே மூர்த்தி இரண்டு தொண்டர்களை அவர் வீட்டில் தங்கவைத்தான். அண்ணன் தனியாக இருக்கிறாரே என்ற அக்கறைதான். அவர் கொல்லைக்குப் போனால்கூட ஒருவன் விளக்குப் பிடித்தான்.

சிங்கப்பூரில் வெள்ளையம்மா வாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். என் புருஷன் வருவார், அதுவரை நான் செய்கிறேன் என்று பங்களா அம்மாவிடம் சொல்லி இடத்தைப் பிடித்து வைத்தாள். மாதா மாதம் அதையே சொன்னாள். மாதா மாதம் அய்யாவு கிராணியின் முன்னால் போய் நின்றார். இப்போது இரண்டு கொட்டகை, இரண்டு மடங்கு புகை.

இரண்டு வருஷம் கழிந்து தீபாவளிக்குத்தான் அவளுக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. விடிந்து நல்ல வெயில் ஏறிய நேரம். லயத்து வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு, அவர் கூப்பிடட்டும் என்று பேசாமல் நின்றாள். வாசலில் உட்கார்ந்திருந்த அய்யாவு அவள் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"யாரு அது?" என்று கேட்டார்.